ஆய்வுத் துறைக்குப் போக விரும்பும் மாணவிக்கு ஆறு வாரக் கோடை

வாசகியின் கடிதம், சுருக்கமாக

காவேரிப்பட்டணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 22. கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் முதுகலை வரலாறு முதலாமாண்டு படிக்கிறார். பள்ளி முதல் இன்றுவரை தமிழ் வழிக் கல்வி. குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்லூரிப் பேராசிரியராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தேர்வுகள் மே முதல் வாரத்தில் முடிந்துவிடும், கல்லூரி ஜூன் மூன்றாம் வாரத்தில் திறக்கும், இடைப்பட்ட ஆறு வாரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறார்.

அந்த ஆறு வாரத்துக்கும் ஏற்கெனவே பலர் துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். பெங்களூரா மாங்காய் பறிப்பு சூடுபிடிக்கும் நேரம் என்பதால் மண்டிக் கணக்கை மகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார். தை பிறந்ததும் வரன் பார்க்கத் தொடங்கலாம் என்பது அம்மாவின் எண்ணம். முன்னாள் மாணவி ஒருவர் முதலில் எம்.ஃபில். (பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டம்) முடி, பிறகு பிஎச்.டி. எளிது என்கிறார். வகுப்புத் தோழி ஒருவர், 3,500 ரூபாய் கட்டினால் ஐந்து நாளில் கட்டுரை வெளியிடும் ஆய்விதழ் ஒன்றின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சென்னையிலுள்ள நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) பயிற்சி மையம் ஒன்று கோடை வகுப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறது. “முதுகலை முடித்த பிறகுதானே நெட் எழுத முடியும்? எங்கள் பேராசிரியர் எனக்கு நெறியாளராக இருக்கச் சம்மதித்துவிட்டார், அவர் ஓய்வுபெற இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. ‘சங்க காலப் பெண்களின் நிலை’ என்ற தலைப்பை எடுக்கலாம் என்றிருக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரைப் பற்றி ஆராய்வதற்கான ஆவணங்கள் எல்லாம் சென்னையில் இருக்கின்றன” என்கிறார். கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், தங்கள் குலத்தார் கும்பிடும் வேடியப்பன் கோயிலில் வாளேந்திய உருவம் செதுக்கிய நான்கைந்து பழைய கற்கள் இருப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: மற்றவர்கள் எதையோ செய்து முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் மண்டியில் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருப்பேனோ என்பது. அந்தக் கவலையை முதலில் ஓரம் வையுங்கள். ஆறு வாரத்தில் யாரும் ஆய்வாளராகிவிட முடியாது. ஆனால் ஆய்வு என்பது நமக்கு ஒத்துவருமா, எந்தப் பொருளில் நம் மனம் நிற்கிறது என்பதைக் கண்டுகொள்ள ஆறு வாரம் தாராளமாகப் போதும். ஆகவே இந்தக் கோடையில் ஒரே ஒரு சிறிய ஆய்வுப் பணியைத் தொடக்கம் முதல் முடிவுவரை நீங்களே செய்து, அதை ஐந்தாறு பக்கங்களில் எழுதி முடிக்க வேண்டும் என்பதே என் ஆலோசனை. நெட் தயாரிப்பு அதன் பக்கத்தில் நாளுக்கு ஒன்றரை மணி நேரமாக நடக்கட்டும். பணம் கேட்கும் எதுவும் இந்தக் கோடையில் வேண்டாம்.

இதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், உங்கள் கடிதத்தில் உள்ள சில தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. இவை உங்கள் தவறு அல்ல. விதிகள் அண்மையில் பலமுறை மாறியிருக்கின்றன, கல்லூரிகளில் உலவும் அறிவுரைகள் பெரும்பாலும் பழைய விதிகளைச் சார்ந்தவை.

எம்.ஃபில்., ஆய்விதழ், நெறியாளர்

எம்.ஃபில். பற்றிய அறிவுரையை மறந்துவிடலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறைகளின்படி உயர்கல்வி நிறுவனங்கள் இனி எம்.ஃபில். நடத்தக் கூடாது, அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல என்று 2023 டிசம்பரில் மானியக் குழு மாணவர்களுக்கு நேரடியாகவே எச்சரிக்கை விடுத்தது. முன்பே பட்டம் பெற்றவர்களுடைய எம்.ஃபில். செல்லும். உங்களுக்கு அறிவுரை சொன்னவர் தம் காலத்துக்குச் சரியானதைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் முதுகலையிலிருந்து நேராகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினர் உள்ளிட்டோருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு.

3,500 ரூபாய் ஆய்விதழைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை மேற்சொன்ன 2022 ஒழுங்குமுறைகளே நீக்கிவிட்டன. முதுகலை முதலாமாண்டு மாணவிக்கு அந்தக் கட்டாயம் எப்போதுமே இருந்ததில்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ஐ.எஸ்.எஸ்.என். எண் ஒரு பருவ இதழுக்கு வழங்கப்படும் அடையாள எண் மட்டுமே. தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. “யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ளது” என்றும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தரமான ஆய்விதழ்கள் எனக் குறித்த அந்தப் பட்டியலையே மானியக் குழு (யு.ஜி.சி.) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது ஓர் இதழின் தரத்தை மதிப்பிட வேண்டிய பொறுப்பு நிறுவனங்கள் மீதும் ஆய்வாளர்கள் மீதும் விழுந்திருக்கிறது. ஐந்தே நாளில் வெளியிடுகிறார்கள் என்றால் உங்கள் கட்டுரையை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். இத்தகைய இதழில் ஒருமுறை வந்துவிட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. பின்னாளில் நேர்காணல் மேசையில் அது உங்கள் பெயருக்குக் கீழேதான் இருக்கும்.

நெறியாளர் விஷயம் சற்று நுட்பமானது. உங்கள் பேராசிரியரின் சம்மதம் உங்கள் மீதுள்ள நம்பிக்கையைக் காட்டுகிறது, அதற்கு மதிப்புண்டு. ஆனால் ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர்கள் புதிய ஆய்வு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இன்று அவருக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. நீங்கள் முதுகலை முடித்து விண்ணப்பிக்கும்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான் இருக்கும். மேலும் ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க இயலாது. ஆகவே “உங்களிடம் சேரலாமா” என்று கேட்பதைவிட “அடுத்த ஆண்டு உங்களிடம் இடம் காலியாகுமா” என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி. உங்கள் பேராசிரியரிடம் இதைத் தயக்கமின்றிப் பேசுங்கள். தமக்குப் பதிலாக யாரிடம் போகலாம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் துறைகள், அப்பல்கலைக்கழகத்துக்குத் தருமபுரியில் உள்ள முதுநிலை மற்றும் ஆராய்ச்சி மையம், கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் ஆய்வுத் துறையாக ஏற்பு பெற்ற அரசுக் கல்லூரித் துறைகள் என்று தேடும் எல்லையை அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

நெட் தேர்வு: இந்த டிசம்பரிலேயே எழுதலாம்

முதுகலை முடித்த பிறகுதான் நெட் என்பது சரியல்ல. இறுதியாண்டில் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். நெட் முடிவு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முதுகலையை உரிய மதிப்பெண்ணோடு முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். தேர்வு வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை வருகிறது. ஜூன் மாதத்தில் நீங்கள் இரண்டாமாண்டுக்குள் நுழைகிறீர்கள், ஆகவே டிசம்பர் தேர்வை இலக்காக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

தேர்வின் கட்டமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், இரண்டும் சேர்ந்து மூன்று மணி நேரம், இடைவேளை கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. எனவே எந்த வினாவையும் காலியாக விடக் கூடாது. வரலாறு படிப்பவர்கள் இரண்டாம் தாளிலேயே மூழ்கிக் கிடந்து முதல் தாளில் கோட்டைவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தத் தாளில் பத்து அலகுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து வினாக்கள். கணிதத் தர்க்கம், தரவு விளக்கம், தருக்கவியல் மூன்றுமாகப் பதினைந்து வினாக்கள். பத்தாம் வகுப்புக் கணக்கை மறந்துவிட்டவர்களுக்கு இவை முப்பது மதிப்பெண் இழப்பு. கோடையில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முப்பது மதிப்பெண் வரவு. நீங்கள் மண்டியில் எடை, கழிவு, முன்பணம் என்று கணக்குப் போட்டுப் பழகியவர் என்பதால் விழுக்காட்டுக் கணக்குகளில் மற்றவர்களைவிட விரைவாகத் தேறிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

உண்மையான தடை வேறொன்று, அதை நீங்கள் எழுதவில்லை. மொழிப் பாடங்களைத் தவிர மற்றப் பாடங்களுக்கு நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. வரலாற்றைத் தமிழில் ஆழமாகப் படித்த மாணவர்கள்கூட, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தியை ஆங்கிலக் கலைச்சொல்லில் அடையாளம் காண முடியாமல் தடுமாறுகிறார்கள். இதற்குப் பயிற்சி மையம் தேவையில்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத் தேசியத் தேர்வு முகமையின் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டு, நாளுக்குப் பத்து வினாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வரும் கலைச்சொற்களை இடப்பக்கம் ஆங்கிலத்திலும் வலப்பக்கம் தமிழிலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மானியக் குழுவின் இ-பிஜி பாடசாலைப் பாடங்கள் முதுகலை அளவில் இலவசமாகவே கிடைக்கின்றன. 18,000 ரூபாயைச் சென்னையில் கட்டி, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் தனியாகச் செலவழித்து, வீட்டில் சண்டையும் போட்டுக்கொண்டு பெறக்கூடியது இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பர் தேர்வை ஒருமுறை எழுதிப் பார்த்து, எந்த அலகில் பின்தங்குகிறீர்கள் என்று தெரிந்த பிறகு, தேவைப்பட்டால் அந்த அலகுக்கு மட்டும் உதவி தேடலாம்.

தேர்ச்சியில் மூன்று படிகள் இருக்கின்றன. இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேர்ச்சி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு தேர்ச்சி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்பவை அவை. மூன்றாவது பிரிவு 2024 ஜூன் தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்தது. உதவித்தொகைப் பிரிவில் இடம் பிடித்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பின் 42,000 ரூபாய். இந்தத் தொகையை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: “இன்னும் படிப்பா” என்று கேட்கும் வீட்டில், படிக்கும்போதே இவ்வளவு வரும் வாய்ப்பு இருக்கிறது என்பது பல சமயங்களில் வாதத்தையே முடித்துவைக்கிறது. அதற்காக அது உறுதியாகக் கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். போட்டி கடுமையானது, முதல் முயற்சியில் கிடைக்காதவர்களே மிகுதி. பெண்களுக்கு இதில் வயது வரம்பு 35 வரை தளர்த்தப்பட்டிருக்கிறது என்பதால் உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

உங்கள் ஊர்க் கற்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். “சங்க காலப் பெண்களின் நிலை” என்ற தலைப்பை நீங்கள் விரும்பித் தேர்ந்ததாகத் தெரியவில்லை. வேறு வழி தெரியாமல் எடுத்ததாகவே கடிதம் படிக்கும்போது தோன்றுகிறது. ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ‘ஷோத்கங்கா’ தளத்தில் அந்தத் தலைப்பையும் அதன் உறவினர்களையும் தேடிப் பாருங்கள். எத்தனை பேர் அதே பாடல்களை அதே வரிசையில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கண்டபின், அதில் நீங்கள் புதிதாக என்ன சொல்லப் போகிறீர்கள் என்ற கேள்வி தானாக எழும்.

கடிதத்தின் ஓரத்தில் நீங்கள் எழுதிய அந்த வேடியப்பன் கோயில் கற்கள் நடுகற்களாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதி தமிழகத்தில் நடுகற்கள் செறிந்த நிலப்பரப்பு. பல்லவர் காலம் தொடங்கி வட்டெழுத்து எனும் பழைய தமிழ் எழுத்துப் பொறித்த கற்கள் இங்கே கிடைத்திருக்கின்றன. ஆநிரையை மீட்கப் போய் இறந்த வீரனுக்குக் கல் நட்டு, ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கற்களையே பின்னாளில் வேடியப்பனாகக் கும்பிடும் வழக்கம் இந்த இரு மாவட்டங்களிலும் பரவலாக இருக்கிறது. அதாவது, நீங்கள் சென்னையில் இருப்பதாக நினைக்கும் ஆவணத்துக்குப் பொங்கல் வைப்பவர்கள் உங்கள் குலத்தார்தான். வெளியூர் ஆய்வாளருக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: அந்தக் கற்களுக்கு யார் பூசை செய்கிறார்கள், எந்தக் குலத்துக்கு எந்தக் கல், எப்போது படையல், என்ன கதை சொல்கிறார்கள் என்பவற்றைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் உரிமை.

ஆகவே கோடைப் பணி இதுதான். உங்கள் ஊரையும் சுற்றியுள்ள நான்கைந்து ஊர்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தாள். உயரம், அகலம், தடிமன். தரைக்கு மேல் தெரியும் அளவு. வீரன் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறான். வலக்கையில் என்ன, இடக்கையில் என்ன. காலடியில் மாடு உண்டா, நாய் உண்டா. ஓரத்தில் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கிறார்களா. ஒரே நிலையா, மேலுலகக் காட்சியோடு அடுக்கடுக்காக இருக்கிறதா. எழுத்து இருந்தால் எத்தனை வரி, எந்த இடத்தில் சிதைந்திருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து விழாது. காலை ஏழு மணிக்குள் அல்லது மாலையில், வெயில் கல்லின் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுத்தால் மழுங்கிய கீறல்கூடத் தெரியும். கோயில் கூரைக்குள் இருக்கும் கல்லானால் ஒருவரை ஓரமாக நிறுத்தி டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். படத்துக்குள் ஓர் அடிக்கோல் இருக்கட்டும்.

எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள். எண்ணெய் மஞ்சள் ஏறிய கல்லைக் கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். ஊராரின் சம்மதம் இல்லாமல் கல்லைத் தொடவே வேண்டாம். ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி மை ஒற்றும் மைப்படியை, தெரிந்தவர் ஒருவர் அருகிலிருந்து கற்றுக்கொடுக்கும்வரை தள்ளிப் போடுங்கள். தோண்டுவது அறவே கூடாது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, இந்த மாவட்டத்தில் கையில் மண்வெட்டி எடுத்தவர்கள் எல்லாம் தொல்லியலாளர்கள் ஆகிவிட்டார்கள். அகழாய்வு உரிமம் பெற்ற அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை. ஓர் இடத்தை அறியாமல் தோண்டினால் அதன் அடுக்குகள் குலைந்துவிடும், பிறகு அங்கிருந்து காலத்தைக் கணிக்கவே முடியாது.

களத்துக்குப் போகும் முன் படிக்க வேண்டியது அதிகமில்லை. மாநிலத் தொல்லியல் துறை 1970களில் வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதியில் உங்கள் வட்டாரத்து ஊர்களின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் கல் ஏற்கெனவே பதிவானதாக இருந்தால் ஏமாற்றமடைய வேண்டாம், அன்று படித்த பாடத்தை இன்றைய கல்லோடு ஒப்பிடுவதே நல்ல பயிற்சி. துறையின் பழைய வெளியீடுகள் பல தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் கிடைக்கின்றன. தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் தருமபுரி மாவட்டம். தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபரில். எனவே உங்கள் ஊர் பழைய நூல்களில் சேலம் மாவட்டத்தின் கீழ் இருக்கும். இப்பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி கைக்கு வந்து, அதன் அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் நிலவரித் திட்டம் வகுத்த காலத்துக் குறிப்புகளில் பாராமகால் என்ற பெயரின்கீழ் இருக்கும். ‘கிருஷ்ணகிரி’ என்று மட்டும் தேடியவர்கள்தான் ஆவணமே இல்லை என்கிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள அரசு அருங்காட்சியகங்களுக்கு ஆளுக்கொரு நாள் போய், அங்கே வைத்திருக்கும் நடுகற்களின் முன் நின்று உங்கள் தாளை நிரப்பிப் பழகிக்கொள்ளுங்கள். வட்டெழுத்து ஆறு வாரத்தில் சரளமாக வராது. ஆனால் எழுத்துகளை இனம்காணும் அளவுக்கு வரும்.

புதிய கல் கண்ணில் பட்டால் செய்தியாளரைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் துறைக்கும், துறை வழியாக மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். முதலில் படித்தவர் யார் என்ற சண்டையில் மாணவர்களின் பெயர் பல நேரங்களில் விடுபட்டுப் போகிறது; தேதியிட்ட களக்குறிப்பும் படங்களும் உங்களிடம் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

கடைசி ஒரு வாரத்தை எழுதுவதற்காகவே ஒதுக்குங்கள். ஐந்தாறு பக்கம் போதும். ஒரு கேள்வி, நீங்கள் பார்த்தது, பிறர் சொன்னது, இவற்றுக்கிடையே பொருந்தாத ஓர் இடம். அந்தப் பொருந்தாத இடம்தான் பின்னாளில் ஆய்வுத் தலைப்பாக வளரும். இரண்டாமாண்டு ஆய்வேட்டுக்கும் இதே பொருளை எடுத்துக்கொள்ளலாம். புதிய நெறியாளரிடம் போகும்போது “எனக்கு ஆர்வம் இருக்கிறது” என்று சொல்பவர்கள் பலர். எழுதிய பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு போவோர் மிகச் சிலர்.

வீட்டில் பேச வேண்டியவை

அப்பாவின் மண்டிக் கணக்கை மறுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குத்தகைக்காரருக்கு ஆண்டு வருமானம் முழுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான் வருகிறது. அந்த நேரத்தில் நம்பிக்கையான கை ஒன்று தேவைப்படுவது நியாயம். ஆனால் நாள் முழுவதும் என்பதை நேரம் குறித்துப் பேசிக்கொள்ளலாம். காலையில் களத்துக்கும் படிப்புக்கும் போய்விட்டு, வண்டிகள் எடைக்கு வரும் நேரத்தில் கணக்கை ஏற்றுக்கொள்வது நடக்கக்கூடிய ஏற்பாடாகத் தெரிகிறது. எந்த நேரத்தில் வண்டி வருகிறது என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழுதும் உங்களுடையது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்து ஊர்களுக்குப் போக அண்ணனோ தோழியோ உடன் வரட்டும்; கல்லூரித் துறைத் தலைவரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொண்டால் ஊராரின் கேள்விகள் குறையும்.

திருமணப் பேச்சைப் பற்றி நீங்கள் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். திருமணமானால் ஆய்வு முடிந்தது என்பது இல்லை, பிஎச்.டி. விதிகளில் பெண்களுக்கு இரண்டு ஆண்டுக் கூடுதல் கால அவகாசமும், ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. ஆயினும் விதி இருப்பதும் வீடு ஒத்துக்கொள்வதும் வேறு. வரன் பேசும்போதே “இன்னும் நான்கைந்து ஆண்டு படிப்பேன்” என்பதை உங்கள் அம்மா வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பூ வைத்த பிறகு சொன்னால் அது மருமகளின் பிடிவாதம் என்று ஆகிவிடும். அம்மாவிடம் பேச நல்ல நேரம், நீங்கள் எழுதிய ஐந்து பக்கத்தில் அவருடைய குலதெய்வம் இருப்பதைக் காட்டும் நேரம்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டியதும் என் கடமை. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி குறைந்தபட்சத் தகுதி என்று 2023இல் விதி திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் செட் தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத்தான் நியமனம். 2024 மார்ச்சில் 4,000 பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது. எழுத்துத் தேர்வோ குறித்த நாளில் நடக்காமல் தள்ளிப்போனது. இடைப்பட்ட காலத்தில் கௌரவ விரிவுரையாளராகக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஆண்டில் பதினொரு மாதத்துக்குத்தான் தொகுப்பூதியம். மே மாதத்துக்குக் கிடையாது. இதைச் சொல்வது உங்களைப் பின்வாங்கச் செய்வதற்காக அல்ல. நடுகல்லை அளந்து, படம் எடுத்து, ஆவணப்படுத்தி, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதத் தெரிந்தவருக்கு அருங்காட்சியகம், தொல்லியல் துறை, ஆவணக்காப்பகம் என்று வேறு கதவுகளும் உண்டு என்பதால்தான் இந்தக் கோடையில் வெறும் தேர்வுத் தயாரிப்போடு நிற்காதீர்கள் என்கிறேன்.

ஒரு சான்றிதழ்

நீங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் மாநில அரசின் சாதிச் சான்றிதழ் நெட் விண்ணப்பத்துக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்போடு, நடப்பு நிதியாண்டில் பெற்ற இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போய் வர நாளாகும். டிசம்பர் தேர்வுக்கான அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதி முன்னால் வந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்றும் பார்த்து, பொருந்தாவிட்டால் மே மாதத்திலேயே திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.